அப்பாஸிய கலீஃபாக்களின் வம்சாவளியை வரைவது எப்படி? அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும்

பாக்தாதை ஆண்ட அப்பாஸிய கலீஃபாக்களின் குடும்ப மரத்தை ஒரு சார்ட் பேப்பரில் வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன். எளிதானவை முதலில், சிக்கலானவை போகப்போக.

அப்பாஸியர்னா கர்பலாவுல இறந்த அப்பாஸோட வாரிசுங்களா?

இல்லை, அவர் வேறு அப்பாஸ். கர்பலாவில் 680-இல் இறந்தவர் நபிகளின் மருமகன் அலீயின் மகன் அப்பாஸ். இந்த வம்சத்துக்குப் பெயர் தந்தவர் அப்துல் முத்தலிபின் மகன் அப்பாஸ், அதாவது நபிகளின் தந்தையுடைய சகோதரர். அரபியில் 'அம்ம்' என்று ஒரே சொல்லால் முடித்துவிடுவார்கள். தமிழில் எழுதும்போது பெரியப்பாவா சித்தப்பாவா என்று நாம் முடிவு செய்தாக வேண்டும். அப்பாஸ் நபிகளைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர், அதனால் நபிகளின் தந்தைக்கு அவர் தம்பி. சித்தப்பா என்று எழுதுவதே சரி.

இன்னும் ஒரு படி மேலே போனால் மூன்று பெரிய கிளைகளும் ஒரே அடிமரத்தில் சேர்வதைப் பார்க்கலாம். அப்து மனாஃப் என்பவரின் மகன்கள் ஹாஷிம், அப்து ஷம்ஸ். அப்து ஷம்ஸின் மகன் உமைய்யா, அவர் வழியில் வந்தவர்கள் டமாஸ்கஸை ஆண்ட உமைய்யாக்கள். ஹாஷிமின் மகன் அப்துல் முத்தலிப். அவருடைய மகன்களில் அபூ தாலிப் வழியில் அலீயும் அவர் சந்ததியும், அப்பாஸ் வழியில் நம் அப்பாஸியர்கள். 750-இல் உமைய்யாக்களை வீழ்த்தியவர்கள் அவர்களுக்குப் பங்காளி முறை என்பது இந்த ஒரு கோட்டைப் போட்ட உடனே தெரிந்துவிடும்.

37 கலீஃபா பட்டியல் நெட்லயே இருக்கே, அதை மேலிருந்து கீழே எழுதினா வம்சாவளி வந்துடாதா?

வராது. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்வியால்தான். அந்தப் பட்டியல் யாருக்குப் பின் யார் அரியணை ஏறினார் என்பதை மட்டும் சொல்கிறது. யாருக்கு யார் பிறந்தார் என்பது வேறு கணக்கு. 37 பேரில் நேர் வரிசையில் வருபவர்கள் 18 பேர்தான். மற்ற 19 பேரும் அண்ணன், தம்பி, சித்தப்பா, பெரியப்பா மகன், அண்ணன் மகன் என்று பக்கக் கிளைகளில் நிற்கிறார்கள்.

நான் முதலில் வரைந்த தாளில் தாயிஃ (974–991) என்பவருக்குக் கீழே காதிர் (991–1031) என்று எழுதி அம்புக்குறி போட்டுவிட்டேன். பட்டியலில் அடுத்தடுத்து வந்தார்கள், அவ்வளவுதான் காரணம். உண்மையில் அவர்கள் இருவரும் சகோதரர்களின் பிள்ளைகள். தாயிஃ, முக்ததிரின் மகன் முதீஃக்குப் பிறந்தவர். காதிர், அதே முக்ததிரின் இன்னொரு மகனான இஸ்ஹாக்குக்குப் பிறந்தவர். இஸ்ஹாக் ஆட்சிக்கே வரவில்லை, அதனால் எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இருக்காது. ஆனால் 991-க்குப் பிறகு பாக்தாதில் ஆண்ட ஒவ்வொரு கலீஃபாவும் அந்த இஸ்ஹாக்கின் சந்ததி. அவரை விட்டுவிட்டால் மரம் நடுவிலேயே முறிந்துவிடும்.

ஒரே ஆளுக்கு இத்தனை பெயர் எதுக்கு? எது அசல் பெயர்?

ஹாரூன் ரஷீதின் மகன் ஒருவரை எடுத்துக்கொள்வோம்: அபூ இஸ்ஹாக் முஹம்மது இப்னு ஹாரூன் அல்-முஃதஸிம் பில்லாஹ். இதில் பிறந்தபோது வைத்த பெயர் முஹம்மது. 'இப்னு ஹாரூன்' என்றால் ஹாரூனின் மகன், நம் ஊர் இன்ஷியல் செய்கிற வேலையை இது செய்கிறது. 'அபூ இஸ்ஹாக்' என்றால் இஸ்ஹாக்கின் தந்தை, மரியாதையாக அழைக்கும் பெயர். குழந்தை பிறப்பதற்கு முன்பே கூட இப்படி ஒரு பெயர் ஒட்டிக்கொள்வதுண்டு. அதனால் அபூ என்று பார்த்ததும் கீழே ஒரு மகனை வரைந்துவிடக் கூடாது, வேறு ஆதாரம் வேண்டும். கடைசியில் வரும் 'அல்-முஃதஸிம் பில்லாஹ்' ஆட்சிப் பட்டம், இறைவனைப் பற்றிக்கொண்டவர் என்று பொருள்.

வரலாற்று நூல்களில் பட்டத்தை வைத்தே பேசுவார்கள். வம்சாவளி வரைய உதவுவது பட்டம் இல்லை, நடுவில் இருக்கும் 'இப்னு'தான். நான் பெட்டிக்குள் பட்டத்தைப் பெரிதாகவும் அதன் அடியில் 'முஹம்மது, த/பெ ஹாரூன்' என்று சிறிதாகவும் எழுதுகிறேன். கூடவே ஆட்சி ஆண்டு.

அப்துல்லாஹ், முஹம்மது, அஹ்மது… திரும்பத் திரும்ப அதே பெயர்தான் வருது. எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறீங்க?

மூன்று தலைமுறைப் பெயரை எழுதினால் பெரும்பாலும் பிரிந்துவிடும். பிரியாத இடமும் உண்டு, அதுவும் முதல் படியிலேயே. முதல் கலீஃபா ஸஃப்பாஹ், இரண்டாவது கலீஃபா மன்ஸூர், இருவருமே அப்துல்லாஹ் இப்னு முஹம்மது இப்னு அலீ. ஒரே தந்தையின் இரண்டு மகன்களுக்கு ஒரே பெயர்! மன்ஸூரை எதிர்த்து 754-இல் கிளர்ச்சி செய்த சித்தப்பாவின் பெயரும் அப்துல்லாஹ் (இப்னு அலீ), இவர்கள் எல்லாருக்கும் மூதாதையான அப்பாஸின் மகனும் அப்துல்லாஹ். இங்கேதான் 'அபூ' பெயர் கைகொடுக்கும். ஸஃப்பாஹ் அபுல் அப்பாஸ், மன்ஸூர் அபூ ஜஃபர். அந்தக் கால நூல்களும் இவர்களை இப்படித்தான் பிரித்துக் காட்டுகின்றன.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் அங்கேயும் இருந்தது. தமிழில் பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே. ஒன்பதாவது கலீஃபா வாஸிக்கின் இயற்பெயர் ஹாரூன். அவர் ஹாரூன் ரஷீதின் மகன் வயிற்றுப் பேரன். இந்த வழக்கம் தெரிந்திருந்தால், ஒரு குறிப்பில் வெறும் 'ஹாரூன்' என்று வரும்போது தாத்தாவா பேரனா என்று நின்று யோசிக்கத் தோன்றும்.

தமிழ்ல பார்த்தா முக்தஃபீனு ரெண்டு பேர் வர்றாங்க, அச்சுப் பிழையா?

பிழை இல்லை. ஒருவர் 902 முதல் 908 வரை, மற்றவர் 1136 முதல் 1160 வரை ஆண்டவர். அரபியில் முதலாமவரின் பட்டத்தில் வருவது 'காஃப்' என்ற எழுத்து, இரண்டாமவருக்குத் தொண்டையின் அடியிலிருந்து ஒலிக்கும் 'கா(ஃ)ப்' என்ற வேறு எழுத்து. பொருளும் வேறு. தமிழில் இரண்டையும் நாம் 'க' என்றே எழுதுவதால் இருவரும் ஒருவராகத் தெரிகிறார்கள். இவர்களோடு முஸ்தக்ஃபீ (944–946), முக்ததிர் (908–932), முக்ததீ (1075–1094) ஆகியோரையும் சேர்த்துக்கொண்டால் குழப்பம் இன்னும் கூடும். அதனால் ஆண்டு போடாமல் எந்தப் பட்டத்தையும் எழுதாதீர்கள்.

முஸ்தன்ஸிர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பாக்தாதில் ஒருவர் (1226–1242), பிற்பாடு கெய்ரோவில் ஒருவர் (1261), இவர்களுக்கு முன்பே கெய்ரோவில் ஃபாத்திமிய வம்சத்தில் ஒருவர் (1036–1094). மூன்றாமவர் இந்தக் குடும்பமே இல்லை.

ஆட்சி தொடங்கினது 749-னு ஒரு புத்தகம், 750-னு இன்னொரு புத்தகம். எது சரி?

மூல நூல்கள் தருவது ஹிஜ்ரி ஆண்டு (இஸ்லாமிய நாட்காட்டி), அங்கே இரண்டுமே 132 தான். ஹிஜ்ரி 132 என்பது 749 ஆகஸ்டில் தொடங்கி 750 ஆகஸ்ட் வரை போகிறது. கூஃபாவில் ஸஃப்பாஹுக்கு மக்கள் உறுதிமொழி அளித்தது 749 நவம்பர் கடைசியில். உமைய்யாக்களின் கடைசி கலீஃபா மர்வான் ஸாப் ஆற்றங்கரைப் போரில் தோற்றது 750 ஜனவரியில். எதைத் தொடக்கம் என்று வைத்துக்கொள்கிறோமோ அதைப் பொறுத்து ஆண்டு மாறும்.

ஹிஜ்ரி ஆண்டுக்கு ஏறக்குறைய 354 நாள்தான், 33 ஹிஜ்ரி ஆண்டு நம் கணக்கில் 32 ஆண்டாகும். அவசரக் கணக்குக்கு ஹிஜ்ரி ஆண்டை 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டினால் போதும். 656-க்குப் போட்டுப் பாருங்கள், 1258 வரும், பாக்தாத் வீழ்ந்த ஆண்டு. முக்கியமான இன்னொன்று, வயதைக் கணக்கிடும்போது இரண்டு தேதியையும் ஒரே நாட்காட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பிறப்பை ஹிஜ்ரியிலும் இறப்பை கி.பி.யிலும் கலந்துவிட்டு, தந்தைக்கு முன்பே மகன் பிறந்ததாக வரைந்த மரங்களைப் பார்த்திருக்கிறேன்.

மரத்துல ஒரு அம்மா பெயர்கூட இல்லையே, நூல்கள்ல இருக்காதா?

இருக்கும், நிறையவே இருக்கும். தபரி போன்ற வரலாற்றாசிரியர்கள் ஒரு கலீஃபாவைப் பற்றி எழுதும்போது தாயின் பெயரையும் சேர்த்தே தருகிறார்கள். பின்னால் மரம் வரைந்தவர்கள்தான் அதை விட்டுவிட்டார்கள். தந்தை வழியை மட்டும் வைத்தே வம்சம் கணக்கிடப்பட்டதால் தாய் யாராக இருந்தாலும் மகன் அப்பாஸியன்தான் என்பது அவர்கள் நியாயம். ஆனால் தாயை விட்டுவிட்டால் ஏன் தம்பி முதலில் ஆட்சிக்கு வந்தார் என்பது போன்ற கேள்விகளுக்குப் பதிலே கிடைக்காது.

மேலே சொன்ன இரண்டு அப்துல்லாஹ்களையே பாருங்கள். மன்ஸூர்தான் மூத்தவர். ஆனால் அவர் தாய் ஸல்லாமா ஒரு பர்பர் அடிமைப் பெண். ஸஃப்பாஹின் தாய் ரய்தா, ஹாரிஸ் குலத்தைச் சேர்ந்த சுதந்திரமான அரபுப் பெண். 749-இல் அந்த வேறுபாடு பெரிதாக இருந்தது, இளையவர் முந்திக்கொண்டார். போகப்போக நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. அடிமைப் பெண்ணுக்குப் பிறக்காமல் சுதந்திரமான தாய்க்குப் பிறந்த அப்பாஸிய கலீஃபாக்கள் ஸஃப்பாஹ், மஹ்தி, அமீன் என மூன்றே பேர் என்று 1064-இல் இறந்த கொர்தோவா அறிஞர் இப்னு ஹஸ்ம் எழுதியிருக்கிறார். மஹ்தி, ஹாதி, ரஷீத் மூவரின் காலத்திலும் அரண்மனையில் செல்வாக்கோடு இருந்த கைஸுரான், யமன் பக்கத்திலிருந்து அடிமையாக வந்தவர், இரண்டு கலீஃபாக்களைப் பெற்றவர். அவரை மரத்தில் எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. சிவப்பு மையில் தாய்மார் பெயர்களை மட்டும் தனியாக எழுதிவைத்திருக்கிறேன்.

ஸுபைதா ஹாரூனுக்கு என்ன முறை? ஒருத்தர் சித்தப்பா மகள்னு சொல்றார், இன்னொருத்தர் சித்தி மகள்ங்கிறார்.

இரண்டு வழியிலும் உறவுதான். ஸுபைதாவின் தந்தை ஜஃபர், மன்ஸூரின் மகன், அதாவது ஹாரூனின் தந்தை மஹ்தியோடு கூடப்பிறந்தவர். ஸுபைதாவின் தாய் ஸல்ஸல், ஹாரூனின் தாய் கைஸுரானின் சகோதரி என்று சொல்லப்படுகிறது. நம் முறைப்படி பார்த்தால் இரண்டு பக்கமும் தங்கை முறை ஆகிறது, அதனால்தான் தமிழில் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் தயங்கி நிற்கிறார்கள். அரபு வழக்கத்தில் தந்தையின் சகோதரர் மகளைக் கட்டுவது விரும்பி ஏற்கப்படுகிற சம்பந்தம். வரையும்போது ஒரு கோடு மன்ஸூரிலிருந்து மஹ்தி வழியாக ஹாரூனுக்கும், இன்னொன்று ஜஃபர் வழியாக ஸுபைதாவுக்கும் வந்து, கீழே அவர்கள் மகன் அமீனிடம் இரண்டும் சேரும். தாய் தந்தை இருவருமே மன்ஸூரின் பேரப்பிள்ளைகள் என்ற பெருமை கலீஃபாக்களில் அமீனுக்கு மட்டும்தான்.

ஸுபைதா என்பது அவருடைய அசல் பெயர் இல்லை. தாத்தா மன்ஸூர் குழந்தையைக் கொஞ்சி, வெண்ணெய்த் துண்டே என்ற பொருளில் அழைத்த செல்லப்பெயர் அது. இயற்பெயர் அமதுல் அஸீஸ். பழைய குறிப்புகளில் உம்மு ஜஃபர் என்று வந்தாலும் பல இடங்களில் இவரைத்தான் சொல்கிறார்கள்.

861-லிருந்து 892 வரைக்கும் படிச்சாலே தலை சுத்துது. யார் யாருக்கு மகன்?

அந்த முப்பது வருடம் எல்லாரையும் திணறடிக்கும். தலைநகர் அப்போது ஸாமர்ராவில் இருந்தது, துருக்கியப் படைத்தலைவர்கள் இஷ்டத்துக்குக் கலீஃபாக்களை ஏற்றி இறக்கினார்கள். முதலில் முஃதஸிமின் (833–842) மூன்று மகன்களை வரிசையாக எழுதுங்கள்: வாஸிக், முதவக்கில், முஹம்மது. முதல் இருவரும் கலீஃபா ஆனவர்கள், முஹம்மது ஆகவில்லை. இனி மூன்று நெடுவரிசை போட்டுக்கொண்டு ஆட்சி வரிசையை நிரப்பினால் போதும்.

முதவக்கில் 861-இல் கொல்லப்பட்டதும் அவர் மகன் முன்தஸிர் வருகிறார், ஆறு மாதம்தான். அடுத்து 862-இல் முஸ்தஈன், மூன்றாவது வரிசையிலிருந்து, ஆட்சிக்கு வராத அந்த முஹம்மதின் மகன். 866-இல் மறுபடி நடு வரிசைக்கு வந்து முதவக்கிலின் இன்னொரு மகன் முஃதஸ். 869-இல் முதல் வரிசையிலிருந்து வாஸிக்கின் மகன் முஹ்ததீ. 870-இல் மறுபடி நடு வரிசை, முதவக்கிலின் மூன்றாவது மகன் முஃதமித். அவர் 22 வருடம் பதவியில் இருந்தார், ஆனால் ஆட்சியை நடத்தியது அவர் சகோதரர் முவஃப்பக். 892-இல் அடுத்த கலீஃபா முஃதளித் அந்த முவஃப்பக்கின் மகன். இஸ்ஹாக் கதை மாதிரியே (இரண்டாவது கேள்வியைப் பாருங்கள்) இங்கேயும் அரியணை ஏறாத ஒருவர்தான் வம்சத்தைத் தாங்குகிறார்.

பதவிக்கே வராத ஆளை எங்கே போய்த் தேடுறது?

ஒரு நல்ல இடம் நாணயம். அப்பாஸிய திர்ஹம் மெல்லிய வெள்ளித் தகடு, அகலம் இரண்டரை சென்டிமீட்டர் போல, எடை மூன்று கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. உருவம் எதுவும் இருக்காது, எழுத்து மட்டும்தான். விளிம்பைச் சுற்றி அடித்த ஊரும் ஹிஜ்ரி ஆண்டும் சொற்களில் எழுதியிருக்கும். ஹிஜ்ரி 145-லிருந்து, அதாவது 762–763-லிருந்து, ரய் நகரில் அடித்த காசுகளில் 'அமீருல் முஃமினீனின் (அதாவது கலீஃபாவின்) மகன் மஹ்தி முஹம்மது கட்டளையிட்டபடி' என்ற பொருளில் ஒரு வாசகம் வருகிறது. மஹ்தி கலீஃபா ஆனது 775-இல். பன்னிரண்டு பதின்மூன்று வருடத்துக்கு முன்பே அவர் யார் மகன் என்பதும், அவருக்கு அந்தப் பட்டம் வந்துவிட்டது என்பதும் கையில் பிடிக்கிற காசில் இருக்கிறது. எழுதியவர் காலத்தால் தள்ளி இருக்கிற நூல்களோடு ஒப்பிட்டால் இதன் மதிப்பு புரியும்.

முஃதமித் கால நாணயங்களில் சகோதரர் முவஃப்பக்கின் பெயரும் வருகிறது, முஃதமித்தின் மகன் முஃபவ்வளின் பெயரும் வருகிறது. முஃபவ்வள்தான் அறிவிக்கப்பட்ட வாரிசு. 892-இல் அவரை ஒதுக்கிவிட்டு முஃதளித் வந்தார், அதனால் பட்டியல்களில் அவர் காணாமல் போனார்.

காசில் சிக்காதவர்களுக்கு வரலாற்று நூல்கள்தான் வழி. 1031 முதல் 1075 வரை இருந்த காயிமுக்கு முஹம்மது என்று ஒரே மகன், தகீரத்துத்தீன் என்று பட்டம். அவர் தந்தைக்கு முன்பே சிறு வயதில் இறந்துபோனார். அவர் இறந்த பிறகு, அர்ஜுவான் என்ற ஆர்மீனிய அடிமைப் பெண்ணுக்கு அவருடைய குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைதான் பிற்பாடு முக்ததீ (1075–1094). 1058-இல் பஸாஸீரி என்ற தளபதி பாக்தாதைப் பிடித்து ஃபாத்திமியர் பெயரில் குத்பா (வெள்ளிக்கிழமைத் தொழுகை உரை) ஓதவைத்தபோது, இந்தச் சிறு குழந்தையை ரகசியமாக நகரத்தைவிட்டு வெளியே கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். கடைசி இரு நூற்றாண்டுக் கலீஃபாக்கள் எல்லாரும் அந்த ஒரு குழந்தையின் வழி. இந்த இடத்தை வரையும்போது ஒற்றைக் கோடாக மரம் எவ்வளவு மெலிந்துபோகிறது என்று பார்த்து நான் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன்.

சிலர் 37-க்கு மேல எண்ணுறாங்களே?

இரண்டு பேரால் வருகிற வித்தியாசம். ஹாரூனின் மகன் கலீஃபா மஃமூன் 817-இல் அலீ வழியில் வந்த அலீ அர்-ரிளாவைத் தன் வாரிசாக அறிவித்ததும் பாக்தாதில் இருந்த உறவினர்கள் கொதித்துப்போய், ஹாரூனின் தம்பியான இப்ராஹீமைக் கலீஃபாவாக்கினார்கள். 819 வரை தாக்குப்பிடித்தார். இன்னொருவர் 908 டிசம்பரில் ஒரே ஒரு நாள் கலீஃபாவாக இருந்து உயிரையும் இழந்த கவிஞர் இப்னுல் முஃதஸ். வழக்கமான பட்டியல்கள் இவர்களைச் சேர்ப்பதில்லை. வம்சாவளியில் இருவருக்கும் இடம் உண்டு, எண் மட்டும் கிடையாது.

இவ்வளவு தலைமுறையும் நிஜமா? நடுவுல யாராவது சொருகியிருக்க மாட்டாங்களா?

சந்தேகப்படுவது நல்லது. 14-ஆம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் ஒரு எளிய சோதனை சொன்னார்: நூறு ஆண்டுக்கு மூன்று தலைமுறை. தலைமுறை எண்ணிக்கை இதிலிருந்து ரொம்ப விலகினால் இடையில் பெயர் விடுபட்டிருக்கலாம் அல்லது சேர்க்கப்பட்டிருக்கலாம். நம் மரத்தில் போட்டுப் பார்ப்போம். மன்ஸூர் பிறந்தது 714 வாக்கில், கடைசி பாக்தாத் கலீஃபா முஸ்தஃஸிம் பிறந்தது 1213-இல். மன்ஸூர் முதல் முஸ்தஃஸிம் வரை 21 தலைமுறை, அதாவது 20 இடைவெளி. கிட்டத்தட்ட 500 ஆண்டை 20-ஆல் வகுத்தால் 25. மூன்றுக்குப் பதில் நூற்றாண்டுக்கு நான்கு தலைமுறை. இளம் வயதிலேயே பிள்ளை பெறும் அரண்மனைக்கு இது இயல்பான எண்தான், தகீரத்துத்தீன் மாதிரி ஆட்கள் சராசரியை இன்னும் கீழே இழுக்கிறார்கள்.

அப்புறம், இந்தக் குடும்பத்தில் வெளியாள் நுழைவது அவ்வளவு சுலபமில்லை. நபிகளின் உறவினர் என்பதால் கிடைத்த உதவித்தொகைக்காகவே பெயர்களைப் பதிவு செய்து சரிபார்க்க 'நகீப்' என்ற அதிகாரி இருந்தார், அலீ வழியினருக்கு ஒருவர், அப்பாஸ் வழியினருக்கு ஒருவர். ஹிஜ்ரி 200-இல் மஃமூன் அப்பாஸின் சந்ததியை எண்ணச் சொன்னபோது ஆணும் பெண்ணுமாக 33,000 பேர் இருந்ததாகத் தபரி எழுதுகிறார். 1011-இல் காதிர், எகிப்தின் ஃபாத்திமியர்கள் நபிகளின் வழி அல்ல என்று ஓர் அறிக்கை தயாரித்து, அலீ வழியைச் சேர்ந்த பெரியவர்களிடமே கையெழுத்து வாங்கினார். அதை ஆதாரமாகக் கொள்ளும் முன், எழுதச் சொன்னவர் போட்டிக் கலீஃபா என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எந்த வம்சாவளியைப் பார்த்தாலும் எழுதியவர் யாரிடம் சம்பளம் வாங்கினார் என்று கேளுங்கள்.

1258-ல மங்கோலியர் வந்ததோட வம்சமே முடிஞ்சு போச்சுனு படிச்சேனே?

பாக்தாதில் முடிந்தது. 1258 பிப்ரவரியில் ஹுலாகு நகரைப் பிடித்தார், சில நாளில் முஸ்தஃஸிம் கொல்லப்பட்டார். 1261-இல் அஹ்மது என்பவர் நாடோடி அரபுகள் துணையோடு கெய்ரோ வந்து, தான் ஸாஹிரின் (1225–1226) மகன் என்றார். எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் பைபர்ஸ் சபையைக் கூட்ட, தலைமை காழி (நீதிபதி) தாஜுத்தீன் சாட்சிகளை விசாரித்து வம்சத்தை ஏற்றார். வம்சாவளி விசாரணை ஒன்று ஒரு அரசின் தலையெழுத்தையே தீர்மானித்த நாள் அது. அவர் முஸ்தன்ஸிர் என்ற பட்டத்தைச் சூடினார். சொந்த அண்ணனாகச் சொல்லப்பட்டவரின் அதே பட்டம், ஐந்தாவது கேள்வியில் சொன்ன குழப்பத்துக்கு இதுதான் காரணம். சிறு படையோடு ஈராக்கை மீட்கப் போய் அந்த ஆண்டிலேயே மங்கோலியரிடம் மாண்டார்.

அடுத்து 1262-இல் ஏற்கப்பட்ட ஹாகிம், முஸ்தர்ஷித் (1118–1135) வழி என்றார். இடையிலுள்ள பெயர்கள் நூலுக்கு நூல் மாறுகின்றன. அதனால் அந்த இடத்தில் நான் முழுக் கோடு போடாமல் புள்ளிக்கோடு போட்டிருக்கிறேன். அவர் சந்ததி 1517 வரை கெய்ரோவில் கலீஃபாவாக இருந்தது. அங்கே முதலாம் முதவக்கிலின் மகன்கள் ஐந்து பேர் ஒருவர் பின் ஒருவராகப் பதவிக்கு வந்தார்கள். பட்டியலைப் பார்த்து ஐந்து தலைமுறை என்று வரைந்துவிடாதீர்கள், ஐவரும் ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டியவர்கள்.

எங்க உறவுக்காரர் பெயர்ல அப்பாஸினு இருக்கு. இந்த மரத்துல சேர்த்துக்கலாமா?

பெயரை மட்டும் வைத்துச் சேர்க்க முடியாது. பாகிஸ்தானின் பஹாவல்பூர் நவாப்கள், சூடானின் ஜஅலிய்யீன் என்று பல ஊர்களில் அப்பாஸ் வழி என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. அப்பாஸ் வழி என்பதும் கலீஃபா வழி என்பதும் ஒன்றல்ல, 33,000 பேர் என்று மேலே பார்த்தோமே. இன்றிலிருந்து மேல்நோக்கிப் போங்கள்: உங்கள் தாத்தா, அவர் தந்தை, பத்திரம், நிக்காஹ் பதிவு, கல்லறைக் கல் என்று. ஆதாரம் நின்ற இடத்தில் கோட்டையும் நிறுத்துங்கள். அதற்கு மேலே குடும்பத்தில் சொல்லிவருவதைத் தனியாக எழுதிவையுங்கள், அதுவும் பாதுகாக்க வேண்டிய விஷயம்தான்.

தில்லிக்கு ஒரு அப்பாஸிய இளவரசர் வந்தாராமே, அவர் எந்தக் கிளை?

ஆமாம். தில்லிக்கும் இந்தக் குடும்பத்துக்கும் தொடர்பு பழையது. 1229-இல் இல்துமிஷுக்குப் பாக்தாதிலிருந்து அங்கீகாரம் வந்தது, முஸ்தஃஸிம் கொல்லப்பட்ட பிறகும் 1290-கள் வரை தில்லிக் காசுகளில் அவர் பெயரையே அடித்துக்கொண்டிருந்தார்கள். (இதனால்தான் காசில் பெயர் இருந்தால் ஆள் உயிரோடு இருந்தார் என்று எழுதக் கூடாது.) முஹம்மது பின் துக்ளக் காலத்தில் கியாஸுத்தீன் முஹம்மது என்பவர் தில்லி வந்தார். அப்போது அங்கே இருந்த, பிற்பாடு மதுரைக்கும் வந்த இப்னு பதூதா அவர் வம்சத்தைப் பெயர் பெயராகத் தருகிறார்: முஹம்மது, த/பெ அப்துல் காஹிர், த/பெ யூஸுஃப், த/பெ அப்துல் அஸீஸ், த/பெ பாக்தாத் கலீஃபா முஸ்தன்ஸிர் (1226–1242). கலீஃபாவுக்குக் கீழே ஆட்சி காணாத நான்கு பெயர். அதற்கு முன் அவர் சமர்கந்தில் குஸம் என்பவரின் கல்லறையைப் பராமரித்துவந்தார். அந்தக் குஸம் அப்பாஸின் சொந்த மகன், மரத்தின் இரண்டாவது படியில் இருப்பவர்.

துக்ளக் அவரைக் கொண்டாடி ஸீரி நகரையே கொடுத்தார். ஆனால் அவருடைய மகன் ஒருவரை இப்னு பதூதா பாக்தாதில் பார்த்திருக்கிறார், ஒரு பள்ளிவாசலில் நாளைக்கு ஒரு திர்ஹம் சம்பளத்துக்குத் தொழவைக்கிற இமாமாக. சார்ட்டின் அடி விளிம்பில், தந்தையின் பெட்டிக்குக் கீழே, 'மகன், இமாம், பாக்தாத்' என்று அவருக்கும் ஒரு பெட்டி போட்டிருக்கிறேன்.